கத்திப் பிடியும் பத்து வருஷ ஆயுசும்

கத்தி, அரிவாள் என்று பேச்சு வந்தாலே எல்லாரும் இரும்பைப் பற்றித்தான் பேசுவோம். எந்த இரும்பு, எப்படிப் பதம் வச்சது, எத்தனை நாள் கூர் நிக்கும்னு. பிடியைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. ஆனா நாள் பூரா வாழைத் தோப்புல நின்னு தார் வெட்டுற ஆளைக் கேட்டுப் பாருங்க. இரும்பு அவர் கையைத் தொடுறதே இல்ல. சாயங்காலம் உள்ளங்கையில கொப்புளம் இருக்கா இல்லையாங்கிறதை முடிவு பண்றது பிடிதான்.

இந்தப் பதிவு அந்தப் பிடியைப் பற்றியது. அதுவும் மரப்பிடி இல்ல. இப்போ நகரத்துல இருந்து நிறைய பேரு "கையால செஞ்ச கத்தி வேணும்"னு தேடி வாங்குறீங்க. அதுல கறுப்பாவோ பச்சையாவோ, உள்ளுக்குள்ள மெல்லிய வரி ஓடுற மாதிரி ஒரு செயற்கைப் பிடி இருக்கும். அது எங்கிருந்து வந்தது, அதை எப்படித் தேய்ச்சு வழவழப்பாக்குறாங்க, அந்த வழவழப்புக்கு யாரு விலை கொடுக்குறாங்க? அதுதான் விஷயம்.

பராய் இலை

எங்க பக்கம், குளித்தலைக்கும் திருச்சிக்கும் நடுவுல காவிரிக் கரையில, அரிவாளுக்குப் பிடி போடுறது பெரிய வித்தை இல்ல. கருவேலங்கட்டையையோ புளியங்கட்டையையோ செதுக்கி, நடுவுல துளை போடுவாங்க. அரிவாளோட வால் பகுதியைப் பழுக்கக் காய்ச்சி அந்தத் துளைக்குள்ள இறக்குவாங்க. மரம் புகைஞ்சுக்கிட்டே வழி விடும். பிடியோட வாயில ஒரு இரும்புப் பூண். சிலர் துளைக்குள்ள அரக்கை உருக்கி ஊத்துறதும் உண்டு. மேல்பக்கத்தை அரத்தால ராவி, உடைஞ்ச கண்ணாடிச் சில்லால சுரண்டி விட்டா வேலை முடிஞ்சது. மிச்சத்தை நம்ம கையே பாத்துக்கும். ஒரு வருஷம் வேர்வை குடிச்ச பிடியோட வழவழப்பை எந்தக் கடையிலயும் வாங்க முடியாது.

கண்ணாடிச் சில்லும் உப்புத்தாளும் வர்றதுக்கு முன்னாடி எதை வச்சுத் தேய்ச்சாங்க? பதில் எங்க ஊர்ப் பக்கமே இருக்கு. திருப்பராய்த்துறைன்னு ஒரு கோயில் ஊர். அந்த ஊருக்குப் பேரு கொடுத்தது பராய் மரம். அதோட இலையைத் தடவிப் பாத்தா பூனை நாக்கு மாதிரி சொரசொரன்னு இருக்கும். மரத்தையும் தந்தத்தையும் இந்த இலையால தேய்ச்சு மெருகேத்தினதை பிரிட்டிஷ் காலத்துத் தாவர நூல்கள் பதிவு செஞ்சிருக்கு. வேற தேசங்கள்ல சுறா மீனோட தோலைப் பயன்படுத்தியிருக்காங்க. உப்புத்தாள் என்பது இந்த இலைக்கும் தோலுக்கும் பின்னால வந்த தம்பிதான்.

யானையில் தொடங்கிய கதை

19ஆம் நூற்றாண்டில் உலகத்துக்கே கத்தி செய்து அனுப்பிய ஊர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. அங்கே சாப்பாட்டு மேசைக் கத்திக்கு உயர்ந்த பிடி என்றால் தந்தம். அதற்கு அடுத்து எலும்பு, மாட்டுக் கொம்பு, முத்துச்சிப்பி, மான் கொம்பு. அந்த மான் கொம்பில் பெரும்பங்கு நம்ம நாட்டுக் காடுகளில் இருந்து போனது. மிளான்னு நாம சொல்ற கடமானோட கொம்பு. வருஷா வருஷம் தானா உதிர்ற கொம்பைப் பொறுக்கி அனுப்பினதுதான். ஆனா உதிர்ந்த கொம்பு எது, சுட்டு எடுத்த கொம்பு எதுன்னு துறைமுகத்துல யாரு கண்டுபிடிக்கிறது? 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னாளில் உதிர்ந்த கொம்பின் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகத்துக்கு 1989இல் சர்வதேசத் தடை.

ஆனா தந்தத்துக்கு மாற்று தேடுற வேலை அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு. யானை மேல இரக்கப்பட்டு இல்ல, தந்தம் விலை ஏறினதால.

பர்மிங்காமைச் சேர்ந்த அலெக்சாண்டர் பார்க்ஸ், பஞ்சின் நாரை அமிலத்தில் பதப்படுத்தி ஒரு புதுப் பொருளை உருவாக்கி, 1862இல் லண்டன் கண்காட்சியில் வைத்தார். இதில் என்னென்ன செய்யலாம் என்று அவர் சொன்ன பட்டியலில் சீப்பு, பொத்தானோடு கத்திப் பிடியும் இருந்தது. மறுவருஷம் அமெரிக்காவில் பில்லியர்ட்ஸ் பந்துக்குத் தந்தத்துக்குப் பதிலாக ஒரு பொருள் கண்டுபிடித்தால் 10,000 டாலர் பரிசு என்று ஓர் அறிவிப்பு. அதைப் பார்த்து முயற்சியில் இறங்கியவர் ஜான் வெஸ்லி ஹயாட். அதே மாதிரிப் பஞ்சு, அமிலம். அதோடு அவர் சேர்த்தது கற்பூரம். நாம சாமிக்குக் காட்டுற சூடம்தான். அப்படிப் பிறந்தது செல்லுலாய்டு. 1870இல் காப்புரிமை.

செல்லுலாய்டு தகடுகளை அடுக்கி ஒட்டி, தந்தத்தில் இருக்கிற மெல்லிய ரேகையைக் கூட அப்படியே கொண்டு வந்தார்கள். ஆனா இது வெடிபஞ்சுக்கு நெருங்கிய சொந்தம். அவசரப்பட்டு அழுத்தித் தேய்ச்சா சூடேறிப் பத்திக்கும். கத்திப் பிடியைத் தேய்க்கிறவன் தன் கைச் சூட்டுக்குப் பயந்து வேலை செய்ய வேண்டிய காலம் அப்பவே வந்திருச்சு.

அடுத்தது மாடு வளர்க்கிற எங்களுக்குச் சிரிப்பு வர்ற சமாச்சாரம். 1890களின் கடைசியில் ஜெர்மனியில், பாலில் இருந்து பிரிச்செடுத்த கேசீனை ஃபார்மலினில் ஊறப்போட்டு, கல் போல இறுகச் செய்தார்கள். பேரே கேலலித். கிரேக்கத்தில் 'பால் கல்' என்று அர்த்தம். பொத்தான், ஸ்வெட்டர் பின்னுற ஊசி, கத்திப் பிடி எல்லாம் பாலில் வந்தன. மெருகு போட்டா அருமையா மின்னும். வெந்நீர்ல கழுவிக் கழுவி வச்சா உப்பி வெடிச்சிரும். என்ன இருந்தாலும் பால் பாலுதானே!

அரக்கும் ஹைலமும்

இப்போ நம்ம அரக்குக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது மின்சாரம் வேகமாகப் பரவியது. கம்பிச்சுருளுக்குக் காப்புப் பூச்சாக அரக்குதான் பயன்பட்டது. அரக்கு என்பது மரக்கிளையில் ஒட்டி வாழும் ஒரு சின்னப் பூச்சி சுரக்கிற பிசின். உலகத்துக்கு அதை அனுப்பியதில் முக்கியமான நாடு இந்தியா. பூச்சி சுரக்கிற வேகத்துக்கும் மின்சாரம் வளர்ற வேகத்துக்கும் ஒத்து வருமா? செயற்கை அரக்கு தேடிப் போனவர்களில் ஒருவர், பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்கலண்ட். 1907இல் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து அவர் செய்தது பேக்லைட். ஒரு தடவை சூட்டில் இறுகினால் மறுபடி உருகாது. அரக்கைத் தேடப் போனவர் கையில் கிடைத்தது அதைவிடப் பெரிய புதையல்.

சில வருஷத்துக்குள், பிட்ஸ்பர்கில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் துணியையும் காகிதத்தையும் இந்தப் பிசினில் நனைத்து, அடுக்கடுக்காக வைத்து, சூட்டில் அழுத்திப் பலகையாக்கியது. அதுக்குப் பேரு மைக்கார்ட்டா. மின்சாரக் கருவிகளில் காப்புப் பலகையாகப் போடுவதற்குச் செய்தது. அங்கே வேலை செய்த இரண்டு பேர் வெளியே வந்து 1913இல் தொடங்கிய கம்பெனி ஃபார்மிக்கா. அப்ரகத்துக்குப் பதிலாக வந்தது என்பதைச் சொல்கிற பெயர். அப்ரகத்தின் ஆங்கிலப் பேர் மைக்கா. நம்ம வீட்டு மேசையிலயும் அலமாரியிலயும் ஒட்டியிருக்கிற சன்மைக்கா அந்த வம்சம்தான்.

உங்க தாத்தா வீட்டுல பழைய மரச் சுவிட்சுப் பெட்டி இருந்தா, சுவிட்சு பதிச்சிருக்கிற அந்தக் காப்பிக்கலர் பலகையைத் தட்டிப் பாருங்க. எலக்ட்ரிக் கடைக்காரங்க அதை ஹைலம் ஷீட்டுன்னு சொல்வாங்க. அந்த ஹைலமும் விலை உயர்ந்த கத்தியில இருக்கிற மைக்கார்ட்டாவும் அண்ணன் தம்பி.

சுவிட்சுப் பலகை எப்படிக் கத்தி மேல ஏறிச்சு? அதுக்கு ஒரு கப்பல்காரர் காரணம். பாப் லவ்லஸ் என்ற அமெரிக்க மாலுமி 1953இல் நியூயார்க் கடையொன்றில், ராண்டல் என்ற புகழ்பெற்ற கைவினைஞர் செய்த கத்தியைக் கேட்டார். பல மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். மனுஷன் போய் ஒரு பழைய பாக்கார்டு காரோட ஸ்பிரிங் பட்டையைக் காயலான் கடையில் எடுத்து வந்து, கப்பல் சமையல் அடுப்பில் காய்ச்சித் தானே கத்தி செய்தார். லாரிப் பட்டையில அரிவாள் அடிக்கிற எங்க ஊர் ஆசாரிக்கு இதைச் சொன்னா, "இதுல என்ன அதிசயம்?"னு கேப்பாரு. லவ்லஸ் பின்னாளில் அமெரிக்கக் கைவினைக் கத்திக்காரர்களுக்கு ஆசான் போல ஆனார். அவர் கத்திகளில் விரும்பிப் போட்டது பச்சை நிறத் துணி மைக்கார்ட்டா. தண்ணியில ஊறாது, வெடிக்காது, ரத்தமும் கொழுப்பும் பட்டாலும் கை வழுக்காது. அவரைப் பாத்து உலகம் பூரா போட ஆரம்பிச்சாங்க. பருத்தித் துணிக்குப் பதிலா கண்ணாடி நாரும், ஃபீனால் பிசினுக்குப் பதிலா எபாக்சியும் போட்டுச் செஞ்சா அதுக்குப் பேரு ஜி-10. உங்க செல்போனுக்குள்ள இருக்கிற பச்சைப் பலகைக்கு நெருங்கிய சொந்தம்.

தேய்க்கிற வேலை

செயற்கைப் பிடி போடுறதுல பாதி வேலை தேய்ப்புதான். பிடிக்கு முதல்ல இரண்டு பட்டையா வெட்டணும். கத்தி அலகைப் பாத்து இருக்கிற முன்விளிம்பை ஒட்டுறதுக்கு முன்னாடியே மெருகேத்திடணும். ஒட்டின பிறகு அங்கே தாளை விட்டா அலகுல கீறல் விழும். அப்புறம் எபாக்சிப் பசை, பித்தளை ஆணி. காய்ஞ்சதும் மெஷின்ல உருட்டி உருவம் கொண்டு வரணும். இதுல நிதானம் வேணும். ஆணி சூடேறிச்சுன்னா சுத்தியிருக்கிற பசை இளகிரும்.

உருவம் வந்ததும் உப்புத்தாள். 80, 120, 220, 400ன்னு வரிசையா ஏறணும். ஒரு நம்பரைத் தாண்டிக் குதிச்சா முந்தின தாளோட கீறல் கடைசி வரைக்கும் காட்டிக் கொடுக்கும். ஒரு நம்பர்ல நெடுக்கத் தேய்ச்சா அடுத்த நம்பர்ல குறுக்கத் தேய்க்கணும். பழைய கீறல் முழுசாப் போயிருச்சான்னு அப்பதான் தெரியும். தாளுக்குப் பின்னாடி ஒரு மரத்துண்டு இருக்கணும். வெறும் விரலால அமுக்கித் தேய்ச்சா மெத்துனு இருக்கிற பிடி சீக்கிரம் தேயும், இரும்பும் ஆணியும் மேடு தட்டி நிக்கும்.

துணி மைக்கார்ட்டாவை 400ஓட நிறுத்திக்கிறது நல்லது. கை பட்டா துணி மாதிரியே ஒரு பிடிமானம் இருக்கும், ஈரக் கையிலும் நிக்கும். அதுக்கு மேல போய்ப் பஃப் போட்டா கண்ணாடி மாதிரி மின்னும். பாக்க அழகு. பிடிக்கிறதுக்கு? மீன் கழுவின கையோட பிடிச்சுப் பாருங்க, தெரியும்.

ஷெஃபீல்டில் பறந்த தூசி

இவ்வளவு நேரம் நான் சொல்லாத ஒண்ணு, இந்த வேலை பூராவும் பறக்கிற தூசி. கண்ணாடி நாரும் பிசினும் மாவா அரைபட்டுப் பறக்கிற தூசி. கையில பட்டா அரிக்கும். அது நுரையீரலுக்குள்ள போனா என்ன ஆகும்?

சரித்திரத்துல இதுக்கு ஒரு பாடம் இருக்கு. அதுவும் அதே ஷெஃபீல்டில். அங்கே கத்தியையும் முள்கரண்டியையும் மணற்கல் சக்கரத்தில் பிடித்துச் சாணை போடுகிறவர்களுக்கு ஒரு நோய் வந்தது. 'சாணைக்காரர் ஆஸ்துமா' என்றே அதுக்குப் பேரு. கல் தூசியும் இரும்புத் தூசியும் நெஞ்சில் அடைத்து இருமியே செத்தார்கள். ஏங்கெல்ஸ் 1845இல் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய நூலில், நைட் என்ற ஷெஃபீல்டு மருத்துவர் சொன்ன கணக்கைக் கொடுத்திருக்கிறார். காய்ந்த கல்லில் வேலை செய்கிறவரின் சராசரி ஆயுள் 35ஐத் தொடுவதே கஷ்டம். கல்லைத் தண்ணியில் நனைத்து வேலை செய்கிறவர் 45ஐத் தாண்டுவது அபூர்வம்.

ரெண்டுமே கொடுமைதான். ஆனா நடுவுல இருக்கிற அந்தப் பத்து வருஷத்தைப் பாருங்க. முள்கரண்டியைக் காய்ஞ்ச கல்லுல பிடிச்சாங்க, மேசைக் கத்தியை ஈரக் கல்லுல பிடிச்சாங்க. அதே ஊரு, அதே மாதிரிக் கூலிக்காரன். பெரிய வித்தியாசம், சக்கரத்துக்கு அடியில இருந்த ஒரு தொட்டித் தண்ணி.

இன்னொரு செய்தியும் அந்தப் புத்தகத்தில் இருக்கு. தூசியை இழுக்கிற கருவிகள் அப்பவே வந்தன. அதைச் சில தொழிலாளிகளே வேண்டாம் என்றார்கள், சில இடத்தில் உடைத்தும் போட்டார்கள். ஆயுசு கூடினால் தொழிலுக்கு ஆள் கூடும், ஆள் கூடினால் கூலி குறையும் என்று பயம். சீக்கிரம் சாகிறதாலதான் கூலி நிக்குதுன்னு ஒருத்தன் கணக்குப் போட வேண்டியிருந்திருக்கு.

தண்ணீரை வச்சுத் தேய்க்கிற தாளுக்கு அமெரிக்காவில் இரண்டு வேலை சேர வேண்டியிருந்தது. 1891இல் எட்வர்டு அச்செசன், செயற்கை வைரம் செய்யப் போய், களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தில் சுட்டு கார்போரண்டம் என்ற கடினமான துகளைக் கண்டுபிடித்தார். தண்ணியில் நனைஞ்சாலும் துகள் உதிராத தாளை உருவாக்கினவர் ஃபிலடெல்ஃபியாவில் மை வியாபாரம் செய்த பிரான்சிஸ் ஓக்கி. 1921இல் மூன்று-எம் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கார் பெயிண்ட் பட்டறைகளில் தூசியை அடக்கியது இந்தத் தாள்தான். நம்ம பெயிண்டர்கள் இன்னிக்கும் கையில வச்சிருக்கிற கறுப்பு வாட்டர் பேப்பர் அதோட வழிவந்தது. வெளியூர்ச் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. அந்த அமெரிக்கக் கார்போரண்டம் கம்பெனியும் ஒரு பிரிட்டிஷ் கம்பெனியும் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து 1954இல் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கின. இன்னிக்குச் சின்ன ஊர் ஹார்டுவேர் கடையிலகூட வாட்டர் பேப்பர் கேட்டா கிடைக்கும்.

எங்க ஊர்ப் பட்டறை

இப்போ உள்ளூர்க் கதை. எங்க ஊர்ப் பட்டறையை நடத்துற தம்பிக்கு முப்பது வயசு ஆகல. அவங்க அப்பா காலத்துல தை மாசம் வந்தா கதிர் அரிவாள் தட்டவே நேரம் பத்தாது. அறுவடை மெஷின் வந்த பிறகு அந்த அரிவாளை யாரு கேக்குறா? தம்பி சாமர்த்தியசாலி. சமையல் கத்தி செய்யப் பழகி, படம் எடுத்துப் போட்டு, சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்புறாரு. உலை அணையாம இருக்கிறதே இந்தக் கத்தியாலதான். அதுல எனக்குச் சந்தோஷம்.

ஆனா வாங்குறவங்க கேக்குறது கறுப்புப் பிடி, கண்ணாடி மெருகு. தம்பி கூரைக் கொட்டகைக்குள்ள கிரைண்டிங் மெஷினை ஓட விட்டு ஜி-10 பலகையைப் பிடிச்சா, அஞ்சு நிமிஷத்துல ஆளே தெரியாது. மூக்குல ஒரு துண்டு. அந்தத் துண்டோட இழைக்கு நடுவுல நுழையிற அளவு பொடிசுதான் அந்தத் தூசி.

"தம்பி, நல்ல மாஸ்க் வாங்கிப் போடக் கூடாதாப்பா? கடைசித் தேய்ப்பையாவது தண்ணி ஊத்திக் கையால தேய்க்கலாமே"ன்னு கேட்டேன்.

"தெரியும்ணே. மெஷின்ல பத்து நிமிஷத்துல முடியிறது கையால அரை நாள் இழுக்கும். அந்த அரை நாளுக்குக் காசு யாருண்ணே தருவா?"

நான் பதில் பேசல. அவர் ஏங்கெல்ஸைப் படிச்சதில்ல. ஆனா ஷெஃபீல்டுக்காரன் போட்ட அதே கணக்கைத்தான் 180 வருஷம் கழிச்சு இவரும் போடுறாரு.

தண்ணித் தேய்ப்புல சிரமம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். அலகு துருப்பிடிக்காம டேப் சுத்தணும், முடிச்சதும் துடைச்சு எண்ணெய் போடணும். கரண்டுல ஓடுற மெஷின் பக்கத்துல தண்ணி ஆகாது. அதனால உருவம் கொண்டு வர்ற வேலை காய்ஞ்ச வேலையாத்தான் இருக்கும். அதுக்குத் திறந்த வெளியும், தூசி இழுக்கிற மெஷினும், முகத்தோடு ஒட்டி நிக்கிற வடிகட்டி மாஸ்க்கும் வேணும். அதுக்கு மேல வர்ற மெருகை ஒரு வாளித் தண்ணியில முடிச்சிரலாம். மரப்பிடி போட்டா பிரச்சினையே இல்லைன்னும் நினைக்காதீங்க. மரத்தூளும் நெஞ்சுக்கு ஆகாது. அதுக்கும் இதே பத்தியம்தான்.

கையால செஞ்ச கத்தி வாங்குறவங்களுக்கு என் வேண்டுகோள் மூணு. ஒண்ணு, கண்ணாடி மெருகு கேக்காதீங்க. மங்கலான பிடிதான் கைக்கும் நல்லது, செய்யிறவர் நெஞ்சுக்கும் நல்லது. ரெண்டு, "தண்ணி ஊத்தித் தேய்ச்சதா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. வாங்குறவர் கேட்டாத்தான் பட்டறையில வாளி வரும். மூணு, அந்த அரை நாளுக்கான காசை விலையில சேத்துக் கொடுங்க, பேரம் பேசாதீங்க.

யானைக்கும் மிளாவுக்கும் சட்டம் வந்திருச்சு. பட்டறைத் தூசிக்கு எங்க ஊர் வரைக்கும் எந்த அதிகாரியும் வரப் போறதில்ல. வர்றது உங்க ஆர்டர் மட்டும்தான்.